தாய் தந்தையரின் சரித்திரம்

(ஒதியம்பட்டில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில், பழைய அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்.)

 

இத்தகைய கூட்டங்களில் விதை, உரம், பயிர்க்கடன், கறவை மாடு ஆகிய விஷயங்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவை யாவும் அவசியமானவையே. ஆயினும் இன்று எனக்கு அளித்திருக்கும் சொற்ப நேரத்தில் அவற்றை விட்டு, நம்மைப் பெற்று வளர்த்தவர்களின் சரித்திரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அநுமதி கேட்டுக்கொண்டேன். "இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று காரியதரிசி அவர்கள் நியாயமாகவே கேட்டார். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதை நான் பேசி முடித்த பின்பு நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் நம்மில் அநேகர் திருக்காஞ்சிக்குச் சென்று, சங்கராபரணி ஆற்றங்கரையில் முன்னோர்களுக்குத் தர்ப்பணம் செய்கிறோம். புரோகிதர் தகப்பனார் பெயரைக் கேட்கிறார், சொல்லுகிறோம். பாட்டனார் பெயரைக் கேட்கிறார்; அதையும் சொல்லுகிறோம். தாயாரைப் பெற்ற பாட்டியின் பெயரைக் கேட்கும்போதோ, பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கிறோம். எனக்கு இப்போது வயது 75. அந்த ஆற்றங்கரையில் பல வருஷங்கள் அவ்வாறு விழித்து நின்றவர்களில் நானும் ஒருவன். "அம்மாவின் அம்மா" என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டு வீடு திரும்பியிருக்கிறேன். அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவேயில்லை. குறையென்று எனக்கு உணர்த்தியது ஒரு புயல்.

நனைந்த பெட்டி

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை நீங்கள் ஒருவரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தண்ணீர் புகுந்தது. மூலையில் தரையோடு வைத்திருந்த தகரப்பெட்டி ஓர் இரவு முழுவதும் நீரில் கிடந்தது. அது என் தகப்பனாருடைய பெட்டி. அதில் நிலத்தின் கிரயப் பத்திரம், தீர்வை ரசீதுகள், சில பழைய கடன் சீட்டுகள், அவற்றோடு தகப்பனார் காப்பிப் பென்சிலால் எழுதி வந்த கணக்கு நோட்டு ஒன்றும் இருந்தன.

பத்திரங்கள் நனைந்தும் ஒருவாறு தப்பின. தப்பாதவற்றுக்கும் நகல் கிடைக்கும் என்றார்கள். நோட்டுப் புத்தகமோ நீலச் சேறாகிவிட்டது. எந்தப் போகத்தில் எத்தனை மூட்டை கண்டது, யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தது, எந்த மாட்டை எந்தச் சந்தையில் வாங்கியது என்னும் விவரங்களெல்லாம் அதில் இருந்தன. தகப்பனார் 1991-ஆம் வருஷம் காலமானார். அன்று முதல் 33 வருஷங்கள் அந்த நோட்டு என் வீட்டிலேயே இருந்தும், நான் அதை ஒருமுறையாவது முதலிலிருந்து முடிவு வரை படித்ததில்லை. எப்போதும் கையில் இருக்கும் பொருள் என்று நினைத்து அசட்டையாக இருந்தேன். சர்க்காரிடம் நகல் உள்ள காகிதங்களை நாம் பத்திரமாக வைத்தோம். உலகத்தில் ஒரே பிரதியாக இருந்ததைத் தரையில் வைத்தோம். இதுவே நான் முதலில் சொல்ல விரும்பிய விஷயம்.

பதிவேடு சொல்லியதும் சொல்லாததும்

நகல்கள் வாங்கும்பொருட்டுப் பதிவு அலுவலகங்களுக்கு நடந்தேன். இவ்விஷயத்தில் நமது பிரதேசத்தாருக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சு அரசாங்கத்தார் 1880-ஆம் வருஷத்திலேயே இந்தியர்களின் பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றைப் பதியும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். கொம்யூன் என்னும் ஸ்தல சபை ஏற்பாடு வந்ததும் அதே வருஷத்தில்தான். வில்லியனூர் அப்போதே ஒரு கொம்யூனாயிற்று. அதன் தலைவரையே நம் பெரியோர் 'மேர்' என்று சொல்லி வந்தார்கள். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரோடு தகப்பனின் பெயர், வயது, தொழில், தாயின் பெயர், சாட்சிகளின் பெயர் ஆகிய எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.

1922-ஆம் வருஷத்து என் தாயாரின் பிறப்புப் பதிவைத் தேடிப் பெற்றேன். பிரெஞ்சு தெரிந்த ஒரு பெரியவர் அதை வாசித்துத் தமிழில் சொன்னார். அதில் என் பாட்டியின் பெயர் இருந்தது. ஆற்றங்கரையில் நான் சொல்லத் தெரியாமல் நின்ற பெயர், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓர் அலமாரியில் எழுதப்பட்டே இருந்திருக்கிறது. நாம் நம் பெயருக்கு முன் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளுகிறோம். தாயின் பெயருக்கு அந்த இடமும் இல்லை. ஆகையால் இரண்டு தலைமுறை சென்றதும் நம்மைப் பெற்ற ஸ்திரீகளின் பெயர்கள் குடும்பத்தை விட்டே போய்விடுகின்றன. அந்நிய மொழிப் பதிவேடு காப்பாற்றிய பெயரை நாம் காப்பாற்றவில்லை.

பிறகு 1950-ஆம் வருஷத்து என்னுடைய பிறப்புப் பதிவை வாசிக்கச் சொன்னேன். தகப்பனார் பெயருக்கு நேரே 'பயிர்த்தொழில் செய்பவர்' என்று இருந்தது. தாயார் பெயருக்கு நேரே இருந்ததை வாசிக்கும்போது அப்பெரியவர் சற்றுத் தயங்கினார். "தொழில் இல்லாதவள் என்று எழுதியிருக்கிறது" என்றார்.

எழுதினவர்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. அக்காலத்தில் அப்படி எழுதுவது எங்கும் உள்ள வழக்கம். ஆயினும் என் தாயார் செய்த வேலைகளை நான் அறிவேன். கோழி கூவுமுன் எழுந்து சாணம் தெளித்து, மாட்டுக்குத் தீனி வைத்து, கூழ் காய்ச்சி, தகப்பனார் கவலை இறைக்கப் போனதும் மடை மாற்றி விடுவதற்கு மண்வெட்டியோடு பின்னாலேயே போவார். நடவு காலத்தில் முழங்கால் சேற்றில் நாற்று நடுவார். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் அயலார் கொல்லைகளுக்குப் போய்ச் செடியாய்ந்து, கூலியாகக் கிடைத்த காயை முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார். இரவில் அதை உடைத்துப் பருப்பாக்கி விற்பார். இவ்வளவும் செய்தவர் 'தொழில் இல்லாதவள்' என்னும் பெயரோடு பதிவேட்டில் நிற்கிறார். அதை மறுத்துச் சொல்லக்கூடிய சாட்சிகள் அவருடைய பிள்ளைகளாகிய எங்கள் மூவரைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. நாங்களும் போய்விட்டால் பதிவேடே உண்மையாகிவிடும்.

30 குழி நிலம்

இனி, சொல்லுவதற்குச் சற்று வெட்கமான ஒரு விஷயத்தைச் சொல்லப் புகுகிறேன். எங்கள் தமையனாருக்கும் எனக்கும் 28 வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் கை நனைத்ததில்லை. காரணம் 30 குழி மேட்டு நிலம். பத்திரக் கணக்கில் 16 ஆர். 1964-ஆம் வருஷம் அது தகப்பனார் பெயரில் வாங்கப்பட்டது. அப்போது தமையனார் ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "என் சம்பளத்தில் வாங்கிய நிலம், ஆகையால் எனக்கே உரியது" என்பது அவர் வாதம். "தகப்பனார் பயிரிட்டுச் சேர்த்த பணம், ஆகையால் பாதி எனக்கு" என்பது என் வாதம். தாயார் 1996-ஆம் வருஷம் காலமாகும் வரை இருவரும் வாய் திறக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே திறந்துவிட்டோம்.

நோட்டு அழிந்துபோன பின், அதில் இருந்தவற்றில் ஏதாவது தெரியுமா என்று கேட்கலாம் என்று என் அத்தையிடம் போனேன். தகப்பனாரின் கடைசித் தங்கை, வயது 92. கண் மங்கிவிட்டது; நினைவு மங்கவில்லை. நான் நிலத்தைப் பற்றிக் கேட்கப் போகவில்லை. மாடு வாங்கிய சந்தையைப் பற்றித்தான் கேட்டேன். அத்தை சொன்னார்:

"மாடா? அது உன் அண்ணன் சம்பளத்தில் வாங்கினதுடா தம்பி. மேட்டு நிலம் வாங்கின அதே வருஷந்தான். நிலத்துக்கு உங்கள் அம்மா காதுத் தோட்டையும், பிறந்த வீட்டு அட்டிகையையும் கழற்றிக் கொடுத்தாள். அதுவும் போதாமல், ஆறு போகம் மல்லாட்டை ஆய்ந்து சேர்த்த காசையும் கொடுத்தாள். உன் பேரிலேயே எழுதட்டுமா என்று உங்கள் அப்பா கேட்டார். எனக்கு எதற்கு, பிள்ளைகளுக்குத்தானே என்றாள். அதற்குப் பிறகு அவள் காதில் வேப்பங்குச்சிதானே இருந்தது, நீ பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். அந்த வேப்பங்குச்சியை நான் தினமும் பார்த்து வளர்ந்தவன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தமையனார் சம்பளம் கொடுத்தது உண்மை; அது மாடாயிற்று. தகப்பனார் பாடுபட்டது உண்மை. அது நோட்டில் கணக்காயிற்று. நிலம் மட்டும் தாயாருடையது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பாதி உண்மையை வைத்துக்கொண்டு 28 வருஷம் வழக்காடினோம். எங்களுக்கு ஒரு தங்கையும் உண்டு. இந்த வழக்கில் அவள் பேச்சே எழவில்லை. "நிலம் அம்மாவுடையதென்றால் பெண்ணுக்கு ஒன்றும் இல்லையா?" என்று அத்தை கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அன்று மாலையே தமையனார் வீட்டுக்குப் போனேன். அவருக்கு வயது 82. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் அத்தை சொன்னதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மா நகை போனது எனக்குத் தெரியும், எங்கே போனது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை" என்றார். சட்டப்படி யாருக்கு என்ன உரிமை என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். நான் இங்கே சட்டம் பேச வரவில்லை. நாங்கள் மூவரும் மனமொத்துப் பத்துப் பத்துக் குழியாகப் பிரித்துக்கொண்டோம். அந்தத் தை அமாவாசைக்குத் தமையனாரும் நானும் ஒன்றாகவே திருக்காஞ்சிக்குப் போனோம்.

அத்தையை இன்னும் பத்து வருஷம் முந்திக் கேட்டிருந்தால் பத்து வருஷத்து விரோதம் மிஞ்சியிருக்கும். இன்னும் ஒரு வருஷம் கழித்துக் கேட்கலாமென்று இருந்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்கமாட்டார். சென்ற மழைக்காலத்தில் அவரும் காலமானார்.

கேட்கும் முறை

இந்த அநுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பொதுவாகக் கேட்காதீர்கள். "உங்கள் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "கஷ்டமாயிருந்தது" என்னும் ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள்? முதல் மாட்டின் நிறம் என்ன? கலியாணத்துக்கு எத்தனை மரக்கால் அரிசி வடித்தார்கள்? இப்படிச் சிறு பொருளைப் பிடித்துக் கேட்டால் பெரிய விஷயம் தானே வரும். நான் மாட்டைக் கேட்டேன், நிலம் வந்தது.

இரண்டாவது, வருஷத்தை எண்ணாகக் கேட்காதீர்கள். நம் பெரியோர் காலத்தைச் சம்பவங்களால் அறிவார்கள். அத்தை என் தகப்பனாரைப் பற்றி, "ஆலையில் சுட்ட வருஷத்தில் அவன் அங்கே வேலையில் இருந்தான் என்று எங்கள் அம்மா சொல்லுவாள், அன்று ராத்திரி வீடு வரவில்லை" என்றார். என் தகப்பனார் வாலிபத்தில் ஆலைத் தொழிலாளியாக இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 12 பேர் உயிரிழந்தது 1936-ஆம் வருஷம் ஜூலை 30-ஆம் தேதி. அதற்கு அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அப்படியே, என் தங்கை "கீழூரில் ஓட்டுப் போட்ட வாரத்தில்" பிறந்தவள் என்றார். நமது வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தது 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி. வில்லியனூர்த் தேர், திருக்காஞ்சி மாசிமகம், 1952-ஆம் வருஷத்துப் புயல், 2011-ஆம் வருஷத்துத் தானே புயல் ஆகியவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் காலம் தானே அகப்படும்.

மூன்றாவது, ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொருவர் நினைவும் தன் பக்கமே சாயும். தமையனாரும் நானும் அதற்குத் திருஷ்டாந்தம். இரண்டு மூன்று பேரைக் கேட்டு, யார் எதைச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்திரமோ பதிவோ இருந்தால் ஒத்துப் பாருங்கள். 1881-ஆம் வருஷத்துத் தீர்மானப்படி பழைய ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அக்குடும்பத்தார் அதற்கு முந்திய பெயரையும் விசாரித்துக் குறிக்க வேண்டும். கிறிஸ்தவ அங்கத்தினர்கள் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டையும், முகம்மதிய அங்கத்தினர்கள் பள்ளிவாசலில் உள்ள விவாகப் பதிவுகளையும் பார்க்கலாம்.

நான்காவது, பழைய கணக்கைப் பழைய கணக்காகவே எழுதி, பக்கத்தில் புதிய கணக்கையும் குறியுங்கள். 100 குழி ஒரு காணி. அது ஏறக்குறைய 53½ ஆர். ரூபாய்க்கு எட்டுப் பணம்; ஆகவே ஒரு பணம் இரண்டணா. நம் பேரப்பிள்ளைகளுக்கு இவை ஒன்றும் தெரியா. வயல்களின் பெயர்களையும் தவறாமல் எழுதுங்கள். வயல் மனைப்பிரிவாகிவிட்டால் அதற்கு எண் மிஞ்சும், பெயர் மிஞ்சாது.

ஐந்தாவது, புகழை மட்டும் எழுதாதீர்கள். என் தகப்பனார் ஒரு வருஷம் மாடு விற்ற பணத்தைச் சாராயக் கடையில் தொலைத்தார். அதை ஈடு செய்ய என் தாயார் இரண்டு போகம் கூலி வேலை செய்தார். பிறகு தகப்பனார் அந்தப் பக்கமே போகவில்லை. இதை மறைத்தால் அவர் திருந்தியதும் மறைந்துவிடும்; தாயார் பட்ட பாடும் மறைந்துவிடும். உயிரோடிருப்பவர் மனம் புண்படும் விஷயமானால், அவர் சம்மதம் பெற்றே எழுத வேண்டும்.

ஆறாவது, இரண்டு பிரதி எழுதி இரண்டு வீட்டில் வையுங்கள், தரையில் வையாதீர்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். இப்போது பிள்ளைகள் எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. பாட்டி பேசுவதை அவள் குரலிலேயே பதிந்து வைக்கலாம். நானோ என் தாயாரின் குரலை எதிலும் பதியவில்லை.

கடல் கடந்தவர்கள்

நிலமும் பத்திரமும் உள்ளவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலமில்லாமல் பிறர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். நிலமுடையவன் பெயரை நொத்தேரும் தீர்வைக் கணக்கும் எழுதி வைக்கின்றன. அந்த நிலத்தைச் சேறாக்கி நட்டு அறுத்தவர்களின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் சரித்திரம் அவர்கள் பிள்ளைகளின் நாவில் மாத்திரமே இருக்கிறது.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் சொல்லுகிறேன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், புதுச்சேரித் துறையிலிருந்தும் காரைக்கால் துறையிலிருந்தும் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்காக ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறினார்கள். ரெயூனியன் தீவுக்குச் சென்றார்கள். அமெரிக்கக் கண்டத்தை அடுத்த மர்த்தினீக் தீவுக்கு 1853 முதலும், குவாதலூப் தீவுக்கு 1854 முதலும் சென்றார்கள். குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரையில் இந்தியாவிலிருந்து சுமார் 42,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் சிலரே. அவர்களுடைய வம்சத்தார் இன்று தமிழ் பேச அறியார். என்றாலும் மாரியம்மனை வணங்குகிறார்கள். அவர்களில் சிலர் கப்பல் பதிவில் கிடைத்த ஒரு பெயரையும், பிரெஞ்சு எழுத்தில் திரிந்துபோன ஓர் ஊர்ப் பெயரையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பல ஆயிரம் கல் கடந்து முன்னோர் ஊரைத் தேடி வருகிறார்கள். ஒரு பாட்டியின் பெயருக்காக அவர்கள் சமுத்திரத்தைக் கடக்கிறார்கள். நமக்கோ பாட்டி பக்கத்துத் திண்ணையில் இருக்கிறாள். எழுந்து போய்க் கேட்பதற்குச் சோம்பலாயிருக்கிறது.

சங்கத்துக்குச் சம்பந்தம்

இப்போது காரியதரிசி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். கூட்டுறவு நாணயச் சங்கம் என்பது எதன்மேல் கட்டப்பட்டது? ஜெர்மனி தேசத்துக் கிராமங்களில் ரெய்பீசன் என்பவர் இவ்வியக்கத்தைத் தொடங்கியபோது, கடன் கேட்பவனின் சொத்தைக் காட்டிலும் அவனுடைய நாணயத்தையே ஈடாகக் கொண்டார். ஒரே ஊரில் வசித்து ஒருவரையொருவர் நன்கறிந்தவர்களே சங்கமாகச் சேர வேண்டுமென்பது அவர் கொள்கை. சென்னை அரசாங்கத்துக்காக இவ்விஷயத்தை ஆராய்ந்து 1895 முதல் 1897 வரை அறிக்கை எழுதிய சர் பிரெடெரிக் நிக்கல்சனும் அந்த முறையையே சிபார்சு செய்தார். 1904-ஆம் வருஷத்துச் சட்டமும் அதைத் தழுவியே வந்தது. ஆகவே அண்டை வீட்டாரை அறிதலே நமது மூலதனம். ஒருவர் குடும்பம் எப்படி உழைத்து எப்படி நிமிர்ந்தது என்று ஊருக்குத் தெரிந்திருந்த காலத்தில், அவருக்குக் கடன் கொடுப்பதற்குப் பஞ்சாயத்தார் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இன்று ஊர் பெரிதாகிவிட்டது. அடுத்த தெருவார் நமக்கு அந்நியர். போகிற போக்கில் சொந்தத் தாய் தந்தையரும் அந்நியராகி வருகிறார்கள்.

நமது சங்கத்து அங்கத்தினர் ஜாபிதாவையும் எடுத்துப் பாருங்கள். கடன் ஆண் பெயரில் இருக்கும். அதை அடைத்த கறவை மாட்டுக்குத் தீனி வைத்தவள் பெயர் எங்கும் இராது. நாமும் 'தொழில் இல்லாதவள்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆகையால், உழைக்கும் ஸ்திரீகளை அவரவர் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும் என்றும், ஒவ்வொருவரும் தமக்குப் பின் பங்குத்தொகை யாருக்கு என்பதைக் குறிக்கும் நியமனச் சீட்டைக் காலம் தாழ்த்தாமல் சரிபார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுகிறேன். சகோதரர் விரோதத்தால் ஒரு நிலம் தரிசாய்க் கிடந்தால் அந்த நஷ்டம் அக்குடும்பத்தோடு நிற்பதில்லை. சங்கத்து வசூலிலும் அது தெரியும்.

எழுதும் பழக்கம் நமக்குப் புதிதன்று. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அவர்கள் 1736-ஆம் வருஷம் முதல் 1761-ஆம் வருஷம் வரை, புதுச்சேரியில் கண்டதையும் கேட்டதையும் தமிழில் தினசரி எழுதி வந்தார். பிரெஞ்சு கவர்னர்களைப் பற்றி அறிய விரும்பும் சரித்திரக்காரர்களும் இன்று அந்தத் தமிழ்க் குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். அவரைப்போல் இருபத்தைந்து வருஷம் எழுத வேண்டுமென்று நான் சொல்லவில்லை. இருபத்தைந்து வரி எழுதினால் போதும்.

நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒதியமரம் நினைவுக்கு வரும். ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று பழமொழி சொல்லி, அதைப் பயனற்ற மரமென்று தள்ளுகிறோம். ஆனால் குடியானவன் அறிவான்: ஒதியங்கொம்பை வெட்டி வரப்பில் வேலிக்காலாக நட்டால், அது காய்ந்து போகாமல் வேர் விட்டுத் துளிர்த்து, வயலைக் காத்து நிற்கும். நம் தாய் தந்தையரில் பெரும்பாலோர் உத்தரமாக விளங்கியவர்கள் அல்லர். அவர்கள் பெயரில் மண்டபமோ சிலையோ கிடையாது. வேலியாய் நின்றார்கள், நாம் உள்ளே விளைந்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு காகிதம் கொண்டு வாருங்கள். அதில் தாயாரின் பெயர், அவரைப் பெற்றவளின் பெயர், பிறந்த ஊர், அவர் செய்த தொழில் ஆகிய நான்கையும் எழுதியிருங்கள். நான்காவது இடத்தை வெறுமையாக விடாதீர்கள். என்னுடைய காகிதத்தை இன்றே காரியதரிசி அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். என் தாயாரின் தொழில் பயிர்த்தொழில் என்று அதில் எழுதியிருக்கிறேன்.